வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம், அதாவது உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வாய்க்கொழுப்பு, மற்றபடி சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வாலுவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். வாலுவுக்குப் பல் விழுந்த போட்டோ வந்தது, உன் அம்மா அதைப் பக்கத்து வீடு, எதிர் வீடு, தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவர் வரைக்கும் காட்டியாகிவிட்டது. குழாய் மட்டும் இன்னும் ஒழுகுகிறது. நீ போன வாரம் இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். உங்கள் அலுவலகத்தில் அத்தையைப் பற்றிப் பேசப் போகிறாய், அந்தப் பிரபலமான வரி எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்று ஒன்று. பார்வையற்றோர் சங்கத்துக்காரர்கள் புதுக் கட்டட வாசலுக்கு மேலே அந்த வரியைக் கல்லில் வெட்டப் போகிறார்களாம், அத்தையின் எழுத்துக்கெல்லாம் உரிமை உன் பேரில் இருப்பதால் உன் சம்மதம் வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டுமா என்று இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான், ஆனால் அது ஒரு வரியில் அடங்காது. போனில் சொல்லலாமே என்பாய், போனில் என்றால் பாதியில் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் காகிதம். இது உன் கைக்கு வர எத்தனை நாளாகுமோ, அதனால் இதை அப்படியே படமெடுத்து இன்றே உனக்கு அனுப்பச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுக்கிறேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை நடந்த நினைவுக் கூட்டத்தைச் சொல்கிறேன். அம்மாடி, எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது, எத்தனையோ கூட்டம் பார்த்திருக்கிறேன், பாதியில் எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது இதுதான் முதல் தடவை. மேடைக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு அத்தையின் படம், அவள் சிரிக்கிற மாதிரி. அவள் அப்படிச் சிரித்ததே இல்லை, எவனோ கம்ப்யூட்டரில் உதட்டைத் தூக்கிவிட்டிருக்கிறான். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் அந்த வரி: "என் இருட்டுக்கு நன்றி, அதுதான் எனக்கு வெளிச்சத்தைக் காட்டியது." அதே வரி வந்தவர்களுக்குக் கொடுத்த பையில், பேனாவில், டீக் கோப்பையில். சங்கத்தின் தலைவர் இருக்கிறாரே, நான் மைக்கு என்று சொல்வேனே, கையில் மைக் கிடைத்தால் பிடுங்கத்தான் வேண்டும், அவர் நாற்பது நிமிடம் பேசினார். அத்தை ஒருநாளும் யாரையும் குறை சொன்னதில்லையாம், கிடைத்ததை வைத்துச் சந்தோஷப்பட்டாராம், குழந்தை மாதிரி மனசாம். எந்த அத்தை? வாக்குச்சாவடியில் என் ஓட்டை என் தம்பி போடக் கூடாது, நானே போடுவேன் என்று மூன்று மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தாளே அந்த அத்தையா? துணையில்லாமல் ஏறக் கூடாது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்ட கண்டக்டர் மேல் வழக்குப் போட்டு ஆறு வருஷம் நடந்து ஜெயித்தாளே அவளா? அந்தத் தீர்ப்புக்கு அப்புறம்தான் கண்ணோ காதோ இல்லாத அவளைப் போன்றவர்கள் தனியாகப் பேருந்தில் போகிறார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன்வரிசையில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், அடுத்த நிமிடம் பிஸ்கட் தட்டு எங்கே போயிற்று என்று திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

கூட்டம் முடிந்து கண்காட்சி. அத்தை பிரெய்ல் மிஷினில் அடித்த பக்கம் ஒன்று வேண்டும் என்று செயலாளர் முன்பே வந்து கேட்டு வாங்கிப்போயிருந்தார், நானும் ஒன்றுதானே என்று கொடுத்தேன். அதைப் பத்திரப்படுத்துகிறேன் என்று அந்த மகாராசன் லேமினேட் செய்துவிட்டார். சூடான உருளைக்கு நடுவில் விட்டு எடுத்தால் புள்ளிகள் என்ன ஆகும்? நசுங்கிச் சப்பையாகிவிட்டன. அந்த வழவழ அட்டையை ஃபிரேம் போட்டு மாட்டி, கீழே தொடாதீர்கள் என்று ஒரு பலகை. பார்வையற்றோர் சங்கத்தில்! அத்தையோடு கடைசி வருஷங்களில் பழகினாரே, சங்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர், பிறவியிலேயே பார்வை கிடையாது, உன்னோடு ஒருதரம் போனில் பேசவைத்தேன், அவர் பலகையைப் பற்றித் தெரியாமல் விரலை வைத்துத் தடவினார். இரண்டு தடவை தடவிவிட்டு, இதுல ஒண்ணுமே இல்லையே சார், வெறும் பிளாஸ்டிக்தானே இருக்கு என்றார். செயலாளர் உடனே, மேடம் கைரேகை படும், எடுங்க என்றார். நான் வெளியே வந்துவிட்டேன், இல்லையென்றால் அங்கேயே அசிங்கமாகியிருக்கும். வந்த வேகத்தில் வழி தவறிப் புதுக் கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டேன். அங்கேதான் வேலைக்கூடம், பார்வை இல்லாதவர்கள், காதும் கேட்காதவர்கள், இருபது பேர் உட்கார்ந்து உறை ஒட்டுகிற இடம். கதவு பளபளவென்று புதுசு. வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அதில் ஒரு பூட்டுத் தொங்குகிறது. பின்னாலேயே வந்த டீச்சரிடம் இது என்ன என்று கேட்டேன். காலைல பூட்டுனா டீ வேளைக்குத் திறப்பாங்க, அப்புறம் மதியம் சார், யாரும் தடுமாறி வெளிய போயிடக் கூடாதுன்னு, எப்பவும் அப்படித்தானே என்றார். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஏன் உட்கார்ந்துவிட்டேன் என்று இனிமேல் சொல்கிறேன், இதுவரைக்கும் உன் அம்மாவுக்கும் முழுசாகச் சொன்னதில்லை. அந்த வரிக்குப் பக்க எண் நாற்பத்தொன்று. ஆனால் அதை உன் அத்தை எழுதவில்லை. நான் எழுதினேன். அவளுக்குப் பத்து வயதில் அந்தக் காய்ச்சல் வந்து கண்ணும் காதும் போனபோது எனக்கு ஆறு, பள்ளிக்கூடத்தில் அன்றன்றைக்குப் படித்ததை அவள் உள்ளங்கையில் விரலால் எழுதுவேன், அப்படித்தான் அவள் படித்தாள், சொல்லப்போனால் நானும் அப்படித்தான் படித்தேன். வளர்ந்ததும் இதே சங்கத்தின் பழைய வேலைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் உறை ஒட்டினாள். வீட்டுக்கு வந்து பிரெய்ல் மிஷினில் தட்டுவாள், அதை நான் கண்ணால் பார்த்து சாதாரண எழுத்தில் எழுதி அச்சுக்குக் கொடுப்பேன். அச்சகத்தில் நான் பிழை திருத்துகிற வேலையில் இருந்தேனே, ஒற்று போடுவது, வாக்கியத்தை நேர்ப்படுத்துவது எனக்குக் கைவந்த வேலை. முதல் புத்தகத்தில் அவள் அடித்திருந்தது இது, எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது: "கண்ணும் காதும் இல்லாததைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. கதவை வெளிப்பக்கம் பூட்டுகிறார்களே, அதைப் பற்றிச் சொல்கிறேன்." அதற்கு அப்புறம் ஆறு பக்கம், ஒருநாள் பசை காய்ச்சுகிற அடுப்பில் துணி பற்றிக்கொண்டதும், புகை மட்டும் மூக்கில் ஏற, பதினைந்து பேர் கதவைத் தட்டிக்கொண்டு நின்றதும், சாவிக்காரர் டீ குடிக்கப் போயிருந்ததும். அச்சக முதலாளி அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் அந்தச் சங்கத்தின் கமிட்டியில் இருந்தார். சங்கமே ஐந்நூறு பிரதி வாங்குறதா இருக்கு, இதெல்லாம் எதுக்குப்பா, கொஞ்சம் நல்ல விதமா முடிச்சுக்குடு, நல்ல வரிதானே வேணும், யாருக்குத் தெரியப்போகுது என்றார். நானும் அன்று சாயங்காலமே உட்கார்ந்து அந்த ஆறு பக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வரி போட்டேன். நீ அப்போது உன் அம்மா வயிற்றில் இருந்தாய், வேலை போனால் என்ன செய்வது என்று பயந்தேன் என்று சொல்லலாம், ஆனால் உன்னைச் சாக்காக வைக்க எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எழுதி முடித்ததும் அந்த வரி எனக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு தரம் வாசித்துப் பார்த்துக்கொண்டேன். அதை நினைத்தால்தான் இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும், ஆனால் உனக்கு ஒரு பக்கம்தான் தெரியும். புத்தகம் பேர் வாங்கியது, பரிசு வாங்கியது, அந்த வரி பாடப்புத்தகத்தில் ஏறியது. யார் யாரோ வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரியைச் சொல்லிக் கண் கலங்குவார்கள், என்ன சொல்றாங்க என்று அவள் கேட்பாள், உன் புத்தகம் பிடிச்சிருக்காம் என்று உள்ளங்கையில் எழுதுவேன். எவ்வளவு சுலபமாக எழுதினேன் தெரியுமா. நீ ஐந்தாவது படிக்கும்போது அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டு, அத்தை கையில எழுதிக் காட்டப்போறேன் என்று குதித்துக்கொண்டு ஓடினாய். நான்தான் உன்னை நிறுத்தி, சோப்பு தீர்ந்துபோச்சு, கடைக்குப் போயிட்டு வா என்று துரத்தினேன். வீட்டில் மூன்று சோப்பு இருந்தது. இருபத்தேழு வருஷம் இப்படி ஓட்டினேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே டீச்சர் ஆசை ஆசையாக, அச்சில் இருந்த புத்தகத்தைத் திரும்பப் பிரெய்லில் கொண்டுவந்து, உங்க புத்தகம் உங்களுக்கே என்று அத்தை மடியில் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு என்ன தெரியும் பாவம். அவள் முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து விரலால் படித்துக்கொண்டே போனதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்பப் பின்னால் போயிற்று. மறுபடி வந்தது. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த அத்தியாயம் வரைக்கும், காணாமல் போனதைத் தேடுகிற மாதிரி, திருப்பித் திருப்பித் தடவினாள்.

அடுத்த மாதம் சங்கத்தின் ஆண்டு விழா. மேடையில் அவளைப் பேசச் சொன்னார்கள், அவள் குரல்தான் உனக்குத் தெரியுமே, தன் காதில் விழாததால் ஏற்ற இறக்கம் இல்லாமல் உரக்க வரும். அந்த வரி நான் எழுதினது இல்லை, அதுக்கு நான் பொறுப்பு இல்லை, நான் எழுதினது பூட்டைப் பத்தி என்று சொன்னாள். மைக்கு எழுந்து மைக்கைப் பிடித்தார். பாத்தீங்களா, எவ்வளவு தன்னடக்கம், இவ்வளவு பெரிய வரியை எழுதிட்டு நான் எழுதலேங்கிறாங்க பாருங்க என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அத்தை என் பக்கம் கையை நீட்டி, என்ன சொன்னாங்க என்று கேட்டாள். நான் அவள் உள்ளங்கையில், கை தட்டினாங்க என்று எழுதினேன். பொய் இல்லை பார், ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. தன்னடக்கம் என்று சொல்லிச் சிரித்ததை எழுதவில்லை. ஆனால் அவள் என்ன முட்டாளா, கைதட்டலால் வந்த தரையின் அதிர்வு நின்றதும் மைக்கு வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்த விதத்திலேயே புரிந்துகொண்டாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். சாப்பாடு, மாத்திரை, குளிர், உன் போன், எல்லாவற்றுக்கும் கையை நீட்டுவாள், பேசுவாள், கேலிகூடப் பண்ணுவாள். நான் அந்த விஷயத்தை ஆரம்பித்து இரண்டு எழுத்து எழுதினால் போதும், கையை மூடிவிடுவாள். பதினோரு வருஷத்தில் எத்தனை தடவை முயற்சி செய்திருப்பேன், மன்னி என்கிற வரைக்கும்கூடப் போனதில்லை. அடித்த பக்கங்களை என்னிடம் தருவதையும் நிறுத்திவிட்டாள். அத்தைக்கு விரல் வலி, எழுதுவதை விட்டுவிட்டாள் என்று நான் உன்னிடமும் எல்லோரிடமும் சொன்னேன், அதுவும் என் திருத்தம்தான். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் அவளுக்கு விரலை மடக்கத் தெம்பு இல்லை, கை திறந்தே கிடந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுதியிருக்கலாம், தடுக்க அவளால் முடியாது. அதனால்தான் எழுதவில்லை. என் வாழ்க்கையில் அவள் விஷயத்தில் நான் செய்த ஒரே மரியாதை அதுதான் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்த பிறகாவது மனுஷர்களுக்கு உறைக்கும் என்று நினைத்துத் திங்கட்கிழமை சங்கத்துக்குப் போனேன். தலைவர் மைக்குவின் எதிரில் உட்கார்ந்து, அந்த வரி என்னுது, அவ எழுதினது வேற, இப்பவும் அந்தப் பூட்டு தொங்குது, அந்தக் கதவு இருக்கிற கட்டடத்துக்கு மேலேயா இந்த வரியை வெட்டப்போறீங்க என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டேன். அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். அவர் மேஜை மேல் இருந்த காகிதத்தைச் சரிசெய்துகொண்டே, அதனால என்ன சார், நல்ல வரிதானே, அவங்க எழுதலேன்னா என்ன, எழுதியிருக்க வேண்டியதுதானே, யாருக்குத் தெரியப்போகுது என்றார். பூட்டைக் கேட்டதற்கு, அது அவங்க பாதுகாப்புக்கு சார், வெளிய போய் வண்டியில அடிபட்டா நீங்க வருவீங்களா என்றார். அப்புறம் ஒரு சிரிப்பு, நீங்க அலட்டிக்காதீங்க, உரிமை உங்க பொண்ணு பேர்லதானே இருக்கு, அவங்க படிச்சவங்க, புரிஞ்சுப்பாங்க என்றார். அம்மாடி, அவர் பேசப் பேச எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனால் அவரைப் பார்த்து இல்லை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளி சொன்ன அதே வார்த்தை, அன்றைக்கு நான் தலையாட்டிய அதே வார்த்தை. இவர் வாயைப் பார்க்கப் பார்க்க என் முகம்தான் தெரிந்தது. வெளியே வந்து குழாயில் முகம் கழுவிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அதனால் கையெழுத்துப் போடாதே. உன் பேச்சில் அந்த வரியைச் சொல்லாதே, மேலே நான் எழுதியிருக்கிற பூட்டு வாக்கியத்தைச் சொல், அது யார் எடுத்தது, ஏன் எடுத்தது என்றும் சொல், அப்பா என்று சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. சங்கத்துக்கும் அப்படியே எழுதிப் போடு, பூட்டை எடுக்காமல் அத்தையின் ஓர் எழுத்தைக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று. சட்டப்படி அந்தப் பலம் உன் கையில் இருக்கிறது, என் கையில் கொடுக்காமல் அவள் உன் கையில் கொடுத்ததற்கு வேறென்ன காரணம் இருக்கப்போகிறது. இன்னொன்றும் உண்டு. அத்தையின் கட்டிலுக்கு அடியில் ஏழு அட்டைப்பெட்டி இருந்தது, பதினோரு வருஷமாக அடித்ததெல்லாம், நசுங்காமல் இருக்க எல்லாப் பக்கத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறாள். உங்களைத் தவிர வேறு யாரால அவங்க மனசைப் புரிஞ்சு எழுத முடியும், நீங்களே பெயர்த்துக் குடுங்க என்று மைக்கு அதற்கும் வலை வீசினார். நான் ஏழையும் ஆட்டோவில் ஏற்றி டீச்சர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவர் விரலால் படித்து வாயால் சொல்லச் சொல்ல, அவர் தங்கை தட்டச்சு செய்வதாக ஏற்பாடு. உங்க வேலைக்கு ஆபத்தும்மா என்று சொன்னேன், போனா போகட்டும் சார், இத்தனை வருஷம் அந்தப் பூட்டைத் தாண்டித்தானே நானும் கிளாசுக்குப் போனேன் என்றார்.

நேற்று டீச்சர் போன் செய்தார். பெட்டிகளை மேலாகத் தடவிப் பார்த்ததில் மூன்றாவது பெட்டியில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறதாம், தலைப்பு தம்பி என்று. குரலே மாறிப்போயிருந்தது, சார் உங்களுக்கு வாசிச்சுக் காட்டட்டுமா, வேணாம்னா இதை எடுத்துடலாமா, உங்க பொண்ணுகிட்ட கேட்டுக்கட்டுமா என்றார். வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதுவரைக்கும் அச்சில் வந்த அவள் எழுத்தையெல்லாம் உலகம் படிப்பதற்கு முன்னால் நான்தான் படித்தேன், இதையாவது அச்சில் வந்த பிறகு கடையில் போய்க் காசு கொடுத்து வாங்கி, எல்லோரோடும் சேர்ந்து படிக்கிறேன். எடுக்கலாமா என்று டீச்சர் உன்னைக் கேட்பார், உனக்கும் என் மேல் இருக்கிற பாசத்தில் கை தடுமாறும், நல்ல விதமாக முடித்துவிடலாமே என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதில் என்னைப் பற்றி என்ன இருந்தாலும் ஒரு புள்ளிகூட எடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடு.

வாலுவைக் குளிரில் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே, நீயும் காலையில் சாப்பிடாமல் ஓடாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், யாருக்கும் பயப்படாமல் நன்றாக இருங்கள். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
அத்தையின் தம்பி,
உன் அப்பா